பழைய சுவரும் புதிய பெயரும்

சங்கரன்கோவிலில் விசைத்தறியின் ஓசை கேளாத தெருக்கள் குறைவு. அவ்வோசையிலேயே பிறந்து வளர்ந்த அன்பர் ஒருவர் அண்மையில் மாலைத் திருப்பலி முடிந்த பின்னர் நம்மைக் காண வந்தார். பாட்டனார் இரண்டு தறிகளோடு தொடங்கிய தொழிலைத் தந்தையாரும் அவரும் வளர்த்துள்ளனர். இப்போது பொறுப்பைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, தம் முன்னோரின் சிற்றூரில் உள்ள பழைய ஆலயத்தைச் சீரமைக்கும் பணியில் இறங்க விரும்புகிறார்.

“செலவு முழுக்க நான் ஏத்துக்கிடுதேன் சாமி. ஆனா ஊர்க்காரங்க இடிச்சிட்டுப் புதுசாக் கட்டணுங்காங்க. எங்க அப்பா ஞானஸ்நானம் வாங்கின கோவில் அது. அந்தச் சுவரை இடிக்க எனக்கு மனசு வரலை. நீங்கதான் ஒரு வழி சொல்லணும்” என்றார்.

நாம் உடனே விடை கூறவில்லை. அவர் கேட்டது சுண்ணாம்பா சிமெண்டா என்ற கேள்வியன்று. முன்னோர் விட்டுச்சென்ற ஒன்றைத் தம் பொருளால் பழுதுபார்ப்பவர் அதற்கு உரிமையாளர் ஆகிறாரா, அல்லது அதற்குக் கடன்பட்டவர் ஆகிறாரா? இதுவே அதன் உள்ளே இருந்த வினா.

நம் அண்டை மாவட்டமான திருநெல்வேலியில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் திருக்குறுங்குடி என்னும் ஊர் உள்ளது. ஆழ்வார்களால் பாடப்பெற்ற நம்பி கோவில் அங்கே இருப்பதைப் பலரும் அறிவர். டி.வி.எஸ். என்ற மூன்றெழுத்தில் முதல் எழுத்து இவ்வூரையே குறிக்கிறது என்பதைச் சிலரே அறிவர். 1877இல் இவ்வூரில் பிறந்த சுந்தரம் ஐயங்கார், 1911இல் தொடங்கிய தொழிலுக்குத் தம் பெயரோடு ஊரின் பெயரையும் சேர்த்தே இட்டார். அவருடைய பேரர் வேணு சீனிவாசன், குடும்பத் தொழிலை நடத்தியவாறே பழங்கோவில்களைச் சீரமைப்பதிலும் ஈடுபட்டார். அவற்றுள் முன்னோரின் திருக்குறுங்குடிக் கோவிலும் ஒன்று. 1996இல் தொடங்கப்பெற்ற சீனிவாசன் சேவை அறக்கட்டளையின் வழியாக அப்பகுதிச் சிற்றூர்களின் மேம்பாட்டுக்கும் பணிகள் நடைபெற்றன. கோவிலை மட்டும் புதுக்கிவிட்டு அதைச் சுற்றி வாழும் மக்களை மறந்துவிடலாகாது என்னும் உணர்வு இதில் தெரிகிறது.

அவர் அறங்காவலர் குழுத் தலைவராக இருந்த காலத்தில் திருவரங்கம் கோவிலிலும் பெரும் சீரமைப்பு நடைபெற்று, 2015இல் குடமுழுக்கு நிகழ்ந்தது. 2017இல் அப்பணி யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளுள் ஒன்றைப் பெற்றது. அங்குச் செய்த பணிகளுள் நம்மை ஈர்ப்பது, மழைநீரை வெளியேற்றும் பழைய வடிகால் அமைப்பை மீட்டெடுத்தமையே. கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பவர் பலர். வடிகாலைக் குனிந்து பார்ப்பவர் எவர்? ஆயினும் நீர் தேங்காமற்போனால்தான் கோபுரம் நிலைக்கும். புதிதாகக் கட்டுபவரின் பெயர் முகப்பில் பளிச்சிடும். பழுதுபார்ப்பவரின் உழைப்போ சுவருக்குள்ளும் மண்ணுக்குள்ளும் மறைந்துவிடும். இம்மறைவை ஏற்கும் மனமே பழுதுபார்த்தலின் முதல் அறம் என நாம் கருதுகிறோம்.

ஆனால் இத்துடன் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. ஊரைவிட்டுச் சென்று வாழ்வில் உயர்ந்தவருக்குப் பழைய ஆலயம் இளமையின் நினைவு. ஊரிலேயே இருப்பவருக்கு அது ஒழுகும் கூரை. அயலூரில் வண்ண விளக்குகளோடு எழும் புதிய ஆலயத்தைக் கண்டுவிட்டு வருபவர், தம் ஊர்க் கோவிலைக் கண்டு நாணுவதில் வியப்பில்லை. அவர்களை அறியாதவர்கள் என ஒதுக்கிவிட நமக்கு உரிமையில்லை. மழை நாளில் நனைந்துகொண்டு செபித்தவர்கள் அவர்களே.

இங்கே நம் குற்றம் ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன்னர் நாம் பணியாற்றிய பங்கு ஒன்றில், சுண்ணாம்புக் காரையால் எழுந்த பழைய ஆலயம் ஒன்றிருந்தது. சுவரெல்லாம் ஓதம் ஏறிப் பூச்சு உதிர்ந்துகொண்டிருந்தது. மக்கள் புதியது வேண்டினர். நாமும் மகிழ்ந்து இசைந்தோம். சுண்ணாம்புச் சுவரின் மேல் பிற்காலத்தில் பூசிய சிமெண்டே ஈரத்தை உள்ளே சிறைப்படுத்திச் சுவரைக் கெடுத்தது என்பதை எவரும் நமக்குச் சொல்லவில்லை. நாமும் எவரையும் கேட்கவில்லை. இடித்த அன்று மூதாட்டி ஒருவர் செங்கல் ஒன்றை முந்தானையில் சுற்றி எடுத்துச் சென்றார். “இந்தச் சுவத்துல சாஞ்சுதான் சாமி, எம் புருசன் செத்தப்ப அழுதேன்” என்றார். புதிய ஆலயம் அகலமானது; காற்றோட்டமுள்ளது. ஆயினும் அச்செங்கல் இன்றும் நம் மனச்சான்றின்மேல் கனக்கிறது. நாம் மக்களின் விருப்பத்தைக் கேட்டோம். அவர்களுடைய நினைவைக் கேட்கவில்லை.

இவ்வேளையில் அசிசி நகர் பிரான்சிஸ் நம் நினைவுக்கு வருகிறார். அவரும் குடும்பத் தொழிலின் வாரிசுதான். துணி வணிகர் பியேத்ரோ பெர்னார்தோனேயின் மகன். ஊருக்கு வெளியே சிதைந்துகிடந்த தமியான் ஆலயத்தில், தம் இல்லத்தைச் செப்பனிடுமாறு சிலுவையிலிருந்து ஆண்டவர் பணித்ததாக உணர்ந்தார். உடனே தந்தையின் துணிகளை ஃபொலிஞ்ஞோவுக்குக் கொண்டுபோய் விற்று, குதிரையையும் விற்று, பணத்தை அவ்வாலயத்தின் குருவிடம் நீட்டினார். அந்த ஏழைக் குருவோ இளைஞரைத் தங்க அனுமதித்தார். பணத்தை ஏற்க மறுத்தார். ஒரு பங்குக் குருவாக நாம் இக்காட்சியில் பலமுறை நின்று சிந்தித்ததுண்டு. நாமாயிருந்தால் மறுத்திருப்போமா?

அம்மறுப்பே பிரான்சிசை உருவாக்கிற்று. பிறர் பொருளை அள்ளிக்கொடுப்பது எளிது. பின்னர் அவர் அசிசித் தெருக்களில் கல்லை இரந்து பெற்றுத் தோளில் சுமந்தார். தம் கையாலேயே சுவரை எழுப்பினார். வள்ளலாக அன்று, இரப்பவராகவே தம் சொந்த ஊருக்குத் திரும்பினார். கல்லைக் கொடுத்தவர்கள் எல்லாரும் அந்த ஆலயத்தின் பங்காளிகள் ஆயினர். பிற்காலத்தில் அங்கேதான் கிளாரா தம் சகோதரியரோடு வாழ்ந்தார்.

கட்டடத்துக்குச் செலவிடுவதை ஏழைகளுக்குக் கொடுக்கலாகாதா என்னும் கேள்வியையும் நாம் தட்டிக்கழிக்க இயலாது. பாரீசின் நோத்ரு தாம் பேராலயம் 2019 ஏப்ரலில் எரிந்தபோது, பெருஞ்செல்வக் குடும்பங்கள் பல கோடி யூரோக்களை அறிவித்தன. இதே கேள்வியும் உடனே எழுந்தது. ஆனால் 2024 டிசம்பரில் மீண்டும் கதவு திறந்த அவ்வாலயத்துக்கு நன்கொடை அளித்தவர்கள் ஏறத்தாழ 150 நாடுகளைச் சேர்ந்த 3,40,000 பேர். பெத்தானியாவில் நறுமணத் தைலம் வீணாவதாக முணுமுணுத்தவனுக்கு ஏழைகளின்மேல் அக்கறை இருந்ததில்லை என யோவான் நற்செய்தி காட்டுகிறது. அதற்காகக் கேள்வியே தவறாகிவிடாது. கோவில் மேடையைப் பளிங்காக்கிவிட்டு, அதில் வேலைசெய்த கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலியைக் குறைப்போமாயின் அத்தைலத்தில் மணமிராது.

எனவே நம் அன்பருக்கு நாம் கூறியது இதுதான்: “காசோலையை இப்போது எழுதாதீர்கள், தம்பி. மழைக்காலத்தில் ஒரு மாதம் அந்த ஊரில் போய் இருங்கள். கூரை எங்கே ஒழுகுகிறது என்பதை அங்கு முழந்தாளிடுகிறவர்களிடம் கேளுங்கள். சுண்ணாம்பு வேலை அறிந்த பெரியவர் ஒருவரையும் அழைத்துச் சென்று சுவரைக் காட்டுங்கள். அதன் பின்னரும் சுவர் நிற்கத் தகுதியானது என்று தெரிந்தால், ஊராரையும் கூட்டி, நாம் எல்லாரும் சேர்ந்தே மறைமாவட்டத்திடம் போவோம். வீட்டுக்கு ஒரு கூடை மணலாவது அவர்களும் தரட்டும்.”

“அப்பா பேர்ல ஒரு கல்லு வைக்கலாமா சாமி?” எனத் தயங்கியவாறே கேட்டார்.

மகனுக்குரிய அந்த ஆசையை நாம் பழிக்கவில்லை. “வைக்கலாம். ஆனால் அந்தக் கல்லைச் சுவரின் உட்புறம் திருப்பி வைக்கச் சொன்னால் சம்மதமா?” என்று கேட்டோம்.

அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, யோசித்துச் சொல்வதாகக் கூறி விடைபெற்றார். அந்தத் தயக்கத்தை நாம் மதிக்கிறோம். அன்புக்குரிய வாசகர்களே, நம் ஊர்களிலும் இல்லங்களிலும் நமக்கு முன்னிருந்தோர் கட்டியவை எத்தனையோ பழுதுபட்டுக் கிடக்கின்றன. அவற்றைத் தொடுமுன் நாம் ஒவ்வொருவரும் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் அதுவே.