கூலியும் கூரையும்

உழைக்கும் ஊரிலேயே குடியிருக்கத் தாங்கத்தக்க வாடகையில் வீடு கிடைக்க வேண்டும் என்பதை மறுப்போர் அரியர். அவ்வீட்டை யார் தருவது, எந்த நிபந்தனையில் தருவது என்னும் இடத்தில்தான் அறச்சிக்கல் தொடங்குகிறது. வாடகை கொடுத்த பிறகும் உணவுக்கும் மருந்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் கூலியில் மிச்சம் இருக்குமானால், அதுவே தாங்கத்தக்க வாடகை. கள்ளக்குறிச்சியும் அதற்கு மேற்கே உயரும் கல்வராயன் மலையும் இக்கேள்வியை ஆராய்வதற்கு மிகப் பொருத்தமான களங்களாகும்.

விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியில், 2022 சனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. அலுவலகங்களும் மருத்துவமனைகளும் பெருகும் ஊருக்குத் துப்புரவுப் பணியாளரும் காவலாளியும் கட்டடத் தொழிலாளரும் தேவைப்படுகின்றனர்; இவர்களே குறைந்த ஊதியத்தில் கூடுதல் வாடகையை எதிர்கொள்பவர்கள். மலையில் நிலைமை வேறு விதமானது. அங்குள்ள மக்களுள் பெரும்பாலோரான, மலையாளி எனப்படும் தமிழ் பேசும் பழங்குடியினர், கூலி தேடிக் கீழே இறங்குகின்றனர். வெள்ளிமலை, கரியாலூர் போன்ற ஊர்களின் பள்ளிகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் வரும் ஆசிரியரும் செவிலியரும் வாடகைக்கு வீடு அமையாவிட்டால் மாலையிலேயே சமவெளிக்குத் திரும்ப நேர்கிறது. அப்போது நள்ளிரவில் பேறுவலி கண்ட பெண்ணுக்கு உதவ ஆளில்லாமல் போவதால், வாடகை வீடு என்பது குடியிருப்பவரின் நலன் மட்டுமன்று, ஊரின் நலனுமாகும்.

வேலை தருபவரே வீடும் தரட்டும் என்பது எளிதில் தோன்றும் விடை. அதில் நியாயம் இல்லாமலில்லை: ஆள் தேவைப்படுபவர் அவரே, பெரும்பாலும் இடமும் பணமும் உள்ளவரும் அவரே, தேயிலை, காப்பி போன்ற தோட்டங்களின் தொழிலாளர்க்கு வீட்டு வசதி செய்வதை 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமும் முதலாளியின் கடமையாக்கியது. ஆனால் கல்வராயன் மலையின் வரலாறு இவ்விடையைத் தயங்கியே ஏற்கச் சொல்கிறது. வரி தண்டும் உரிமையோடு ஒருவருக்கு விடப்பட்ட நிலப்பகுதி ஜாகிர் எனப்படும். இம்மலை மூன்று ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தபோது, குடிகள் அவர்களுக்குக் கூலியின்றி உழைக்க வேண்டியிருந்தது. 1976இல் அரசு மலையைத் தன் நிர்வாகத்தில் எடுத்துக்கொண்டது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட கொத்தடிமைமுறை ஒழிப்புச் சட்டம், கொத்தடிமை உழைப்புக்கு ஈடாகத் தரப்பட்ட வீட்டிலிருந்து விடுவிக்கப்பட்டவரை வெளியேற்றலாகாது என 8ஆம் பிரிவில் விதித்தது. கொத்தடிமையாக்கிய கடனை மட்டும் தள்ளுபடி செய்து குடிசையைப் பறிக்க விட்டால் விடுதலை நிலைக்காது என்பதைச் சட்டம் உணர்ந்திருந்தது. இன்றும் செங்கல் சூளையில் முன்பணம் வாங்கிச் சூளையடியிலேயே தங்கும் குடும்பத்துக்கு, வாடகையில்லாத அக்குடிசை வேலையை விட்டு விலக முடியாமைக்கு மற்றுமொரு காரணமாகிறது.

அப்படியானால் அரசுக் குடியிருப்பும் பணியோடு பிணைந்ததுதானே என்று கேட்கலாம். ஆயினும் அரசு ஊழியரை மேலதிகாரியின் சினம் ஒன்றே வேலையிலிருந்து நீக்கிவிட முடியாது. இடமாறுதல் பெற்றாலும் ஊதியம் தொடர்கிறது. கூலித் தொழிலாளிக்கோ ஒரே மனிதரின் ஒரு சொல்லில் வேலையும் வீடும் ஒருங்கே போகின்றன. ஆகவே குற்றம் பிணைப்பில் மட்டும் இல்லை. பிணைப்பை அறுக்கும் அதிகாரம் கேள்விக்கு அப்பாற்பட்டு ஒருவரிடமே குவிவதில் இருக்கிறது.

சட்டம் இவ்வதிகாரத்தை முழுதும் கட்டுப்படுத்தவில்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்குவதைத் தடுக்கிறது. ஆனால் நிறுவனங்கள் பணி ஒப்பந்தத்தின் பகுதியாகத் தம் ஊழியர்க்குத் தரும் வீடுகளுக்கும், அரசுக்கும் உள்ளாட்சிக்கும் உரிய கட்டடங்களுக்கும் அது பொருந்துவதில்லை. எனவே ஊராட்சியே வீடு கட்டி வாடகைக்கு விட்டாலும், வெளியேற்றத்துக்கு முன் தக்க காலக்கெடுவும் முறையிட ஓரிடமும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும்.

மலையில் இன்னொரு நியாயமும் எடைபோடப்பட வேண்டும். வெளியிலிருந்து வரும் பணியாளர்க்கு வீடு கட்டுவதற்காகப் பழங்குடியினர் பயிரிடும் நிலத்தை எடுப்பது ஒருவரின் தேவையை மற்றொருவரின் இழப்பால் நிறைவேற்றுவதாகும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பள்ளி, மருந்தகம், சாலை முதலியவற்றுக்குக் கிராம சபையின் பரிந்துரையோடு சிறிதளவு வனநிலத்தை ஒதுக்க இடம் தருகிறது. பணியாளர் வீடு அப்பட்டியலில் இல்லை. நிலம் எடுப்பதைவிடச் செம்மையான வழி, மலைக் குடும்பங்கள் தம் இடத்தில் கட்டும் அறைகளை ஊராட்சி மொத்தமாக வாடகைக்கு எடுத்துப் பணியாளர்க்கு விடுவது. வீடு பூட்டிக் கிடந்தாலும் வாடகை வரும் என்ற உறுதி உரிமையாளர்க்குக் கிடைக்கும், வருவாயும் மலையிலேயே தங்கும். இதில் ஊராட்சிக்கு இழப்பு நேரலாம். ஆனால் இரவிலும் செவிலியர் இருக்கும் ஊருக்கு அது தகாத விலையன்று.

வீட்டு உரிமையாளர் தம் முதலுக்கு நியாயமான வரவை எதிர்பார்ப்பது தவறன்று. குறைந்த வாடகையின் சுமையை அவர் மேல் மட்டும் ஏற்றுவது அறமுமாகாது. பயன் பெறுவது ஊர் முழுதும் என்பதால், வாடகையில் குறைவதைப் பொதுப்பணமே ஈடுசெய்ய வேண்டும். அதற்கு மேல், எந்தத் திட்டத்தையும் வாடகைத் தொகையைக் கொண்டு மட்டும் மதிப்பிடலாகாது. தொழிலாளி ஒரு வேலையை மறுத்தால் அவர் குடும்பம் யாருடைய சொல்லில், எத்தனை நாளில் வெளியேற வேண்டியிருக்கும் என்று கேட்க வேண்டும்; கூலி கொடுப்பவரின் சொல்லில், அன்றைக்கே என்பது விடையானால், வாடகையே வாங்காத வீடும் அறத்தின்படி தகுதியற்றதே.