பறவைகள் கற்றுத்தரும் தவக்குல்



தை மாதக் குளிரில் ஒருநாள் சுப்ஹுத் தொழுகையை முடித்துக்கொண்டு, திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரிப் பக்கத்திலுள்ள கூந்தன்குளத்திற்கு வயல் பாதையில் நடந்தோம். உடன் வந்த நண்பரின் கடை நொடித்து ஆறு மாதமாகியிருந்தது. கடன்காரர்களுக்கு அஞ்சி வீட்டிலேயே முடங்கிக் கிடந்தார். மனைவி சுற்றும் பீடியில்தான் அடுப்பெரிந்தது. "இனி அலைவதாக இல்லை. அல்லாஹ்வின் மீது தவக்குல் வைத்துவிட்டேன்" என்றார். நாம் உடனே பதில் சொல்லவில்லை.

பாதையோர ஈரமண்ணில் கொண்டலாத்தி ஒன்று நீண்ட அலகால் குத்திக் குத்திப் புழுத் தேடிக்கொண்டிருந்தது. ஸுலைமான் நபி (அலை) அவர்களிடம் ஸபா நாட்டு அரசியின் செய்தியைக் கொண்டுவந்ததாக நம்லு அத்தியாயம் கூறுகிறதே, அந்த ஹுத்ஹுத் இந்த இனம்தான். நபியின் படையில் இடம்பெற்ற பறவைக்கும் இரை தானாக வாயில் விழுவதில்லை. குனிந்து மண்ணைக் கிளற வேண்டியிருக்கிறது.

குளக்கரையை அடைந்தபோது மரங்களிலிருந்து மஞ்சள்மூக்கு நாரைகள் இரைதேடப் புறப்பட்டுக்கொண்டிருந்தன. இரவில் வயல்களில் மேய்ந்த வரித்தலை வாத்துகள் கூட்டமாகத் தண்ணீருக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புக் கோடுகள். அதுதான் அவற்றின் அடையாளம். திபெத்திலும் நடு ஆசியாவிலும் உள்ள ஏரிக்கரைகளில் குஞ்சு பொரிக்கும் இவை, அங்கே குளிர் கடுமையாகும்போது இமயமலையைத் தாண்டி வருகின்றன. 7,000 மீட்டருக்கு மேலும் இவை பறப்பதை ஆராய்ச்சியாளர்கள் கருவி பொருத்திக் கண்டறிந்திருக்கிறார்கள்.

காற்று மெலிந்த அந்த உயரத்தில் அவற்றைத் தாங்குபவன் யார்? சிறகை விரித்தும் மடக்கியும் பறக்கும் பறவைகளை அர்ரஹ்மானன்றி வேறெவரும் தாங்கவில்லை என்பதை முல்க் அத்தியாயத்தின் 19-ஆம் வசனம் உணர்த்துகிறது. தாங்குபவன் அவன், ஆனால் சிறகடிக்கும் வேலையைப் பறவைக்கே வைத்திருக்கிறான்.

ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் ஒன்று திர்மிதீயில் உள்ளது. முறைப்படி தவக்குல் வைத்தால், பறவைகளுக்கு அளிப்பதுபோல் நமக்கும் அல்லாஹ் ரிஸ்க் அளிப்பான் என்றும், அவை காலையில் ஒட்டிய வயிற்றோடு புறப்பட்டு மாலையில் நிறைந்த வயிற்றோடு திரும்புகின்றன என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியிருக்கிறார்கள். அவை புறப்படுகின்றன என்பதைக் கவனியுங்கள்! கிளையிலேயே இருந்துகொண்டு வயிறு நிறைந்ததாகப் பெருமானார் சொல்லவில்லை.

இதை நண்பரிடம் சொன்னோம். நெடுநேரம் பேசாதிருந்தவர், "வெட்கந்தான் தடுக்கிறது. முதலாளியாக இருந்த ஊரில் எப்படிக் கூலிக்குப் போவது?" என்றார். உண்மை அப்போதுதான் வெளிப்பட்டது. வெட்கத்திற்கு அவர் தவக்குல் என்று பெயர் சூட்டியிருந்தார்.

அவரை மட்டும் குறைசொல்வானேன்? நாமும் நம் சோம்பலுக்கும் அச்சத்திற்கும் எத்தனை முறை அந்தப் பெயரைச் சூட்டியிருக்கிறோம்! இன்னொரு கூட்டத்தார் வெளியே போகிறார்கள்; ஆனால் கொடுப்பவனை மறந்து அளவில் குறைக்கிறார்கள், வட்டியில் கை வைக்கிறார்கள். முன்னவர் சிறகை மறந்தார். பின்னவர் தாங்குபவனை மறந்தார். இரண்டும் தவக்குல் அல்ல.

அடுத்த வாரமே நண்பர் வேறொருவர் கடையில் கணக்கெழுதச் சேர்ந்தார். சம்பளம் சொற்பம், கடனும் தீரவில்லை. ஆனால் சுப்ஹுக்குப் பின் அவர் படுக்கைக்குத் திரும்புவதில்லை.

வல்ல நாயன் நமக்கு ஹலாலான ரிஸ்க்கையும், அதைத் தேடிப் புறப்படும் துணிவையும், அவன்மீதே சார்ந்திருக்கும் உள்ளத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.