கண்மாய்க்கரைச் சம்பாஷணை

நீரிழிவு என்னும் வியாதி என் சரீரத்தில் குடியேறிய ஆறாம் ஆண்டில், மருந்தையும் நடையையும் பத்தியத்தையும் ஒருசேரக் கைவிட்டுவிடலாமா என்ற எண்ணம் எனக்கு உண்டாயிற்று. அது சோம்பலால் உண்டாகவில்லை. ஒரு நியாயத்தால் உண்டாயிற்று. சோம்பலையாவது அதட்டி எழுப்பலாம். நியாயத்தை என்ன செய்வது? ஆகவே அதை, மல்லாங்கிணற்றுக் கண்மாய்க்கரையில் மாலைதோறும் உலாவும் என் பழைய தமிழாசிரியரிடம் கொண்டுபோய் வைத்தேன். பின்வருவது அன்று நடந்த பேச்சு. இதில் வரும் சீடன் நானே. அவன் சில இடங்களில் வெகு சுலபமாக ஒப்புக்கொள்வதாகத் தோன்றினால், எழுதும்போது நான் அவனுக்குப் போதிய இடம் கொடுக்கவில்லை என்று கொள்க.

சீடன்: ஐயா, பிரயத்தனத்துக்கும் பலனுக்கும் சம்பந்தம் உண்டு என்று நம்பியே இதுவரை இருந்தேன். பங்குனி முழுவதும் ஒருநாள் தவறாமல் நடந்தேன். சோற்றைக் குறைத்துக் குதிரைவாலிக்கு மாறினேன். மாத்திரையை வேளை பிசகாமல் விழுங்கினேன். விருதுநகரில் பங்குனிப் பொங்கல் நடந்தபோதுகூட அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. மாத முடிவில் வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்தால் 168. அதற்கு முந்தின மாசியில், இரண்டு கல்யாணச் சாப்பாடும் எண்ணெய்ப் பரோட்டாவும் கணக்கின்றித் தின்று, ஒருநாளும் நடவாதிருந்தேன்; அப்போது பார்த்தது 131. வேலை செய்த நாளில் கூலியைக் குறைத்தும், செய்யாத நாளில் கூட்டியும் கொடுக்கிற முதலாளியிடம் எவன் வேலைக்கு இருப்பான்?

ஆசிரியர்: நல்ல கேள்வி. வேறு ஆக்ஷேபம் உண்டானால் அதையும் இறக்கிவை. பிறகு சாவகாசமாக இதற்கு வருவோம்.

சீடன்: என் தகப்பனாருக்கும் பாட்டனாருக்கும் இதே வியாதி. பிறப்போடு வந்ததை நடந்தா போக்குவது?

ஆசிரியர்: உன் வீட்டு ஓடும் பாட்டனார் காலத்தில் வந்ததுதான். ஒழுகினால் மாற்றுகிறாய் அல்லவா? அடுத்தது.

சீடன்: பலனை எண்ணாமல் கர்மத்தைச் செய் என்று கீதை உபதேசிக்கிறதே, அதுவே இதற்கு விடையாகாதா?

ஆசிரியர்: அது பெரியோர்க்கு விடையாகலாம். உள்ளங்கால் மரத்துப்போகிறவனிடம் பலனை எண்ணாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பலனை எண்ணியே பேசுவோம். இதோ இந்தக் கண்மாயைப் பார். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் கார்த்திகைக்குள் கலுங்கு பாயும். சில வருஷம் மார்கழி பிறந்தும் நடுக்குழியில் எருமை படுக்குமளவே நீர் நிற்கும். இதன் நடுவே ஒரு குச்சியை நட்டு, நேற்று வரத்துக்கால் வெட்டினோம், இன்று இரண்டு விரற்கடை இறங்கிற்று, ஆகையால் வெட்டியதே இறங்கியதற்குக் காரணம் என்று கணக்கெழுதுகிறவனை என்னவென்பாய்? நீ வெறும் வயிற்றில் பார்த்த அளவு அந்தக் குச்சி. உறக்கம் கெட்டால் அது ஏறும்; பல்லில் சீழ் கட்டினால் ஏறும்; மனக்கிலேசத்தால் ஏறும்; ஒன்றுமே நேராவிட்டாலும், உடம்பு விழிப்புக்கு ஆயத்தமாகிற விடியற்போதில், சில சுரப்பிகளின் தூண்டுதலால் ஈரல் தன் சேமிப்பிலுள்ள சர்க்கரையை அவிழ்த்துவிடுவதாலும் ஏறும். அந்த 168 வந்த வாரத்தில் நீ உறங்கினாயா?

சீடன்: பட்டாசு ஆலையில் வருஷக் கணக்கு முடிக்கும் காலம், ஐயா. மூன்று இரவு சிவகாசியிலேயே தங்கிவிட்டேன்.

ஆசிரியர்: அப்படியானால் குச்சியைக் கோபித்துக்கொள்ளாதே, கிணற்றைப் பார். நம் ஊரின் பெயரிலேயே கிணறு இருக்கிறது. கண்மாய்க்குக் கீழேயுள்ள கிணறுகள், கண்மாய் பல மாதம் தேக்கிய நீரைக் கசிவாக உண்டு, கண்மாய் வறண்ட பின்னும் அதை வைத்துக்கொண்டிருப்பவை. உன் தேகத்திலும் அப்படி ஒரு கிணறு உண்டு. இரத்தத்தின் செவ்வணு ஒன்று ஏறத்தாழ 120 நாள் ஜீவித்திருக்கிறது. அந்நாளெல்லாம் இரத்தத்தில் ஓடுகிற சர்க்கரை அதில் சிறிது சிறிதாக ஒட்டிக்கொள்கிறது. மூன்று மாதச் சராசரி என்று ஆய்வகத்தார் சொல்வது அப்படி ஒட்டியதன் அளவுதான். ஒருநாள் உறக்கம் கெட்டதை அது பெரிதாக எண்ணாது. கல்யாணப் பந்தியை மறக்கவும் மறக்காது. அதைப் பார்த்தாயா?

சீடன்: பார்த்தேன். தை மாதம் 8.4 இருந்தது, இப்போது 7.9.

ஆசிரியர்: அதை விட்டுவிட்டு 168-ஐ முன்னே கொண்டுவந்தாயே!

சீடன்: அரைப் புள்ளிதானே, ஐயா. அரைப் புள்ளிக்கா இத்தனை பாடு?

ஆசிரியர்: சீமையில் ஒரு பரீட்சை நடந்தது, 1977-இல் தொடங்கி இருபது வருஷம் நடந்தது. புதிதாக நீரிழிவு கண்ட 5102 பேரை அதில் சேர்த்தார்கள். ஒரு பிரிவாருக்கு மருந்துகளால் சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தினார்கள். மற்றொரு பிரிவாருக்கு அக்கால வழக்கப்படி பத்தியத்தைப் பிரதானமாகச் சொன்னார்கள். மூன்று மாதச் சராசரியில் இரு பிரிவாருக்கும் இடையே நின்ற வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? 7.0, 7.9. ஒரு புள்ளிகூட இல்லை. அதற்குள்ளேயே கண்ணிலும் சிறுநீரகத்திலும் உண்டாகும் நுண்ணிய கேடுகள் நான்கில் ஒரு பங்கு குறைந்தன. இதைக் காட்டிலும் எனக்கு வியப்பளித்தது பின்னால் நடந்தது. பரீட்சை முடிந்து எல்லோரையும் அவரவர் வைத்தியரிடம் அனுப்பிய பிறகு, ஓராண்டுக்குள் இரு பிரிவாரின் அளவும் ஒன்றாகிவிட்டது; கண்டிப்பாக இருந்தவர்களின் கண்டிப்பு கரைந்துபோயிற்று என்று வைத்துக்கொள். ஆயினும் பத்தாண்டு கழித்து, 2008-இல் வெளிவந்த கணக்கில், முன்னே கண்டிப்பாக இருந்தவர்களுக்குக் கண், சிறுநீரகக் கேடுகள் அப்போதும் குறைவாகவே இருந்தன, மாரடைப்பும் குறைந்திருந்தது. கண்மாய் இரண்டும் ஒரே மட்டமாகிவிட்டன, கிணறுகள் ஒன்றாகவில்லை. நீ நடந்த பங்குனி அந்த 168-இல் தென்படவில்லை என்பதற்காக எங்கும் பதிவாகவில்லை என்று எண்ணாதே.

சீடன்: இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் ஐயத்தின் வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. எல்லாம் செய்தும் கெட்டவர்கள் இல்லையா? ஒன்றும் செய்யாமல் எண்பது வயது வரை கருப்பட்டிக் காப்பி குடித்துக் கண்மூடினவர்கள் நம் தெருவிலேயே இல்லையா?

ஆசிரியர்: இருக்கிறார்கள். உன் பக்கத்தை உன்னைவிட நன்றாக நான் பேசுகிறேன், கேள். சென்னையில் டாக்டர் ஏ. இராமச்சந்திரனும் அவருடைய சகாக்களும் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி உண்டு. நீரிழிவு இன்னும் வராமல் அதன் வாசற்படியில் நின்ற 531 பேரை நான்கு பிரிவாக்கி, ஒரு பிரிவாருக்குச் சாதாரண புத்திமதி மட்டும், ஒரு பிரிவாருக்கு நடையும் உணவு நியமமும், ஒரு பிரிவாருக்கு மெட்பார்மின் மாத்திரை, ஒரு பிரிவாருக்கு இரண்டும் என்று வகுத்தார்கள். மூன்று ஆண்டில் புத்திமதி மட்டும் கேட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு வியாதி வந்துவிட்டது. நடந்து, உணவைத் திருத்திக்கொண்டவர்களில்?

சீடன்: பத்துப் பேருக்கு வந்திருக்குமா?

ஆசிரியர்: 39 பேருக்கு. நடந்தும் வந்தது. இதைத்தானே நீ கேட்கிறாய்? நடந்தும் வியாதி கண்ட அந்த 39 பேரில் ஒருவன் என்னிடம் வந்து, ஐயா, வீணாக நடந்தேனே என்றால் நான் என்ன சொல்வேன்? வெகுநாள் எனக்கு விடை அகப்படவில்லை. பிறகு எண்ணைத் திருப்பிப் பார்த்தேன். 55-க்கும் 39-க்கும் இடையே ஏறக்குறைய 16 பேர் இருக்கிறார்கள். நடந்திராவிட்டால் வியாதி கண்டிருக்க வேண்டியவர்கள் அவர்கள், நடந்ததால் தப்பினார்கள். அந்த 16 பேர் யார் யார்? ஆராய்ச்சி செய்தவருக்கும் தெரியாது, அவர்களுக்கே தெரியாது. நடந்தும் வியாதி வராதிருந்த 61 பேரில் 45 பேர் நடவாவிட்டாலும் தப்பியிருப்பார்கள். 16 பேர் நடந்ததால் தப்பினார்கள். இந்த 61 பேரும் ஒரே முகத்தோடு ஒரே தெருவில் போகிறார்கள். அவர்களில் ஒருவன், எனக்கு எப்படியும் வந்திராது, எதற்கு நடந்தேன் என்று சலித்துக்கொண்டிருக்கக் கூடும். அவனே அந்தப் பதினாறில் ஒருவனாகவும் இருக்கக் கூடும். உடையாத கரையைப் பார்த்து, எந்தக் கூடை மண்ணால் இது நின்றது என்று சொல்ல யாரால் முடியும்? உடைப்பு மட்டுமே கண்ணுக்குத் தெரிகிறது, உடையாமை தெரிவதில்லை. நாம் காணாத ஒன்றுக்காக உழைக்கிறோம் என்பதால்தான் மனம் சலிக்கிறதே தவிர, அந்த ஒன்று இல்லாததால் சலிக்கவில்லை. முதலாளி கூலி கொடுக்காதவனல்லன், தம்பி. அவன் கூலிக்கு ரசீது கொடுப்பதில்லை.

சீடன்: அந்த 531 பேரும் வியாதி வராதவர்கள். எனக்கோ வந்து ஆறு வருஷம் ஆயிற்றே.

ஆசிரியர்: அதற்குத்தான் முன்னமே சீமைக் கதையைச் சொன்னேன். மேலே போவோம்.

சீடன்: சரி, பலன் உண்டு. ஆனால் அறிவு நட என்று சொல்லியும் கால் எழுவதில்லையே. அந்த உற்சாகத்துக்கு நான் எங்கே போவேன்?

ஆசிரியர்: கண்மாய்க்கு மழை எங்கிருந்து வருகிறது? நீயா கொண்டுவருகிறாய்? உற்சாகம் மழையைச் சேர்ந்தது. அது தன் பருவத்தில் வரும், சில வருஷம் பொய்க்கும். மழை வரவழைக்கும் வேலை குடியானவனுடையதன்று. வந்தால் தங்குகிற மாதிரி வைத்துக்கொள்வதே அவன் வேலை. குடிமராமத்து எப்போது நடந்தது என்பதை யோசித்துப் பார். சித்திரை வைகாசியில், தரை பாளம்பாளமாக வெடித்துக் கிடக்கும்போது, ஒரு மேகமும் கண்ணில் படாதபோது, வண்டலை வெட்டிக் கரம்பையென்று வயலுக்கு அடித்தார்கள். வரத்துக்காலில் முளைத்ததை வேரோடு பறித்தார்கள். கரையில் நண்டும் எலியும் குடைந்த வளையை அடைத்தார்கள். மழை வரட்டும், அப்போது பார்ப்போம் என்றிருந்தால் என்ன ஆகும்? நனைந்த கரிசலில் மண்வெட்டி இறங்காது, இறங்கினால் ஏறாது. உற்சாகம் வந்த பிறகு நடப்பேன் என்கிறவனும் அப்படித்தான். உற்சாகம் வந்த அன்று அவன் ஐந்து மைல் நடந்து, முழங்கால் வீங்கிப் பத்துநாள் படுத்துக்கொள்வான். வறண்ட நாளில் செய்யத்தக்கதாக உன் நியமம் சிறியதாக இருக்கட்டும்: இந்தக் கரையில் கலுங்கு வரை போய்த் திரும்பினால் போதும். ஆனால் இந்த வேலையை எவனும் தானாகச் செய்துவிடுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தன் வயலுக்கு வரும் நீர் என்று தெரிந்தும் ஜனங்கள் மராமத்துக்கு வராமற்போனதால், சென்னை மாகாணத்தில் 1858-இல் கட்டாய உழைப்புச் சட்டம் என்று ஒன்றையே இயற்ற வேண்டியிருந்தது. அந்தச் சட்டத்தில் மண் சுமந்தவன் எவன், நீர் பாய்ச்சிக்கொண்டவன் எவன் என்பது வேறு கதை. அதைப் பேசினால் இருட்டிவிடும். இங்கே வேண்டியது இவ்வளவே: தனியாக நின்று தன்னைத் தானே ஏவிக்கொள்ளும் திறம் மனிதனுக்குக் குறைவு. உனக்கு மட்டும் அது குறைவு என்று நாணாதே. கூட நடக்க ஒருவனைப் பிடித்துக்கொள்.

இன்னொன்றும் உண்டு, நீ கேட்காதது. வறண்ட கண்மாயின் கரை உடைந்தது என்று யாரும் சொல்லக் கேட்டதுண்டா? நீர் நிறைந்து, ஊரே வந்து நின்று வேடிக்கை பார்க்கிற நாளில்தான் உடையும். நோயாளிக்கும் இறக்கத்தில் இருப்பதைவிட ஏற்றத்தில் பயம் அதிகம். சென்னையில் 1956-இல் காசநோய்க்கு ஓர் ஆராய்ச்சி தொடங்கினார்கள். சானடோரியத்தில் கிடத்தி வைத்தியம் செய்வதா, வீட்டிலிருந்தபடியே ஓராண்டு மாத்திரை கொடுப்பதா என்பது கேள்வி. இரண்டும் ஏறக்குறைய ஒரே பலன் தந்தன என்று 1959-இல் வெளியிட்டபோது உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் அவர்களுக்கு இருந்த பெருங்கவலை வேறு. சில வாரத்திலேயே இருமல் அடங்கிப் பசியெடுத்து உடம்பு தேறிவிடும். கிருமியோ உள்ளேயே இருக்கும். தேறியவன் மாத்திரையை ஏன் விழுங்குவான்? அதனால் சொல்லாமல் வீட்டுக்குப் போய், மாத்திரையை எண்ணி, சிறுநீரைச் சோதித்து, மருந்து உள்ளே போயிற்றா என்று பார்த்தார்கள். நோயாளி பொய்யன் என்பதற்காக அன்று. சுகம் பொய் சொல்லும் என்பதற்காக. உங்கள் பட்டாசு ஆலையில் வெடிமருந்து அறைக்குள் நுழையுமுன் வாசலில் ஒரு தகட்டைத் தொடுவார்களே, எதற்கு?

சீடன்: உடம்பிலுள்ள மின்னூட்டம் நிலத்தில் இறங்குவதற்கு. ஒரு பொறி போதும், ஐயா.

ஆசிரியர்: தொடாமல் நுழைந்த அன்றே வெடித்துவிடுமா?

சீடன்: பெரும்பாலும் ஒன்றும் நேராது. அதுதான் ஆபத்து. நாலு நாள் தொடாமல் போய் ஒன்றும் ஆகாவிட்டால், ஐந்தாம் நாள் தகடு இருப்பதே மறந்துவிடும். அதனால் மேற்பார்வையாளர் வாசலிலேயே நிற்பார்.

ஆசிரியர்: உன் மாசி மாதத்து 131 அந்த நாலு நாள். இதை இவ்வளவு நன்றாக அறிந்த நீயா என்னிடம் கேட்க வந்தாய்?

அவர் இப்படிச் சொல்லிச் சிறிது நேரம் பேசாதிருந்தார். நீர் வற்றிய நடுக்குழியிலிருந்து கொக்குகள் எழுந்து போயின. பிறகு, நான் கேளாமலே, வேறு குரலில் பேசினார்.

ஆசிரியர்: நான் பென்ஷன் வாங்கிய வருஷத்தில் அளவெல்லாம் வெகு நேர்த்தியாக இருந்தது. கண்மாய் நிறைந்திருந்தது. இரண்டு வருஷம் மாத்திரையை நிறுத்தினேன், யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் மாலை தெருக்கோடிக்குப் போனபோது எதிரே வந்த சிறுபிள்ளை, தாத்தா, ஒரு காலில்தான் செருப்பு இருக்கிறது என்றாள். மற்றது எங்கே கழன்றது என்று எனக்குத் தெரியாது, கழன்றதே தெரியாது.

சீடன்: இப்போது எப்படி இருக்கிறது, ஐயா?

ஆசிரியர்: அப்படியேதான். அதற்கு மேல் போகவில்லை. நாளைக் காலை எத்தனை மணிக்கு வருகிறாய்?

சீடன்: காலையில் முடியாது, ஆறரைப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். மாலையில் வருகிறேன்.

ஆசிரியர்: மாலையில் வா. வரும்போது ஒரு டார்ச் கொண்டுவா. தினம் உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குக் குனிய முடிவதில்லை.