விட்ட மீனின் கணக்கு

பிடித்த மீனைத் தின்கிறவன் கொலை செய்கிறான். பிடித்த மீனைத் திரும்ப நீரில் விடுகிறவன் கொலை செய்யவில்லை. ஆகவே இரண்டாமவன் மேல். இந்தத் தர்க்கம் இப்போது நம்மிடையே கேள்வியின்றி ஏற்கப்பட்டு வருகிறது. எனக்கு அதை ஏற்பதில் தயக்கம் இருக்கிறது. தயக்கத்தின் காரணங்களைச் சொல்லிப் பார்க்கிறேன்.

இரும்புலியூரில் இருந்துகொண்டு இதை எழுதுவதில் ஒரு பொருத்தம் உண்டு. தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஊர்கள் ஏரிகளை வைத்து உண்டானவை. ஏரிகளை மறந்து பெருத்தவை. படகு என்றால் இங்கே பலருக்கும் 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர்த் தெருக்களுக்குள் வந்த மீட்புப் படகுதான் ஞாபகத்துக்கு வரும். புறநகர் ஏரிகளில் மீன் பிடிக்கிறவனுக்குப் பெரும்பாலும் படகு கிடையாது. லாரி டியூபிலோ தெர்மாகோல் மிதவையிலோ குந்திக்கொண்டு, இடுப்புவரை நனைந்து, வலையை இழுக்கிறான். வசந்தம் என்பதும் இங்கே பூக்களின் பருவமாக வருவதில்லை. பங்குனி பிறந்ததும் ஏரி சுருங்கத் தொடங்கும். கெளுத்தி, விரால், கெண்டை, 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு இன்று ஏரிகளை ஆக்கிரமித்துவிட்ட ஜிலேபி எல்லாம் ஆழமான பள்ளத்தில் வந்து கூடும். வலைக்காரனுக்கு அதுதான் அறுவடை.

ரீல் வைத்த தூண்டிலோடு வருகிறவன் வேறு ஆள். அவனுக்கு மீன் தேவையில்லை. மீன் இழுக்கும் அந்தச் சில நிமிஷங்கள் தேவை. மீன் கரைக்கு வந்ததும் ஒரு புகைப்படம், பிறகு முள்ளை எடுத்து நீரில் விடுதல். இவனுக்கு ஒரு வம்சாவளி உண்டு. 1653இல் ஐசக் வால்ட்டன் இங்கிலாந்தில் எழுதிய தூண்டில் நூல், மீன் பிடிப்பதை சிந்திக்கும் மனிதனின் பொழுதுபோக்காகவே தன் தலைப்பில் அறிவித்தது. வால்ட்டனுடைய ஆள் பிடித்ததைச் சமைத்துத் தின்றான் என்பது வேறு விஷயம். தின்பது விலகி, சிந்தனை மட்டும் மிஞ்சியது பிற்காலத்து நாகரிகம்.

முதலில் வலி. 2003இல் லின் ஸ்னெடனும் அவருடைய சகாக்களும் ட்ரவுட் மீனின் உதட்டில் தேனீ விஷத்தையும் அமிலத்தையும் செலுத்திப் பார்த்தார்கள். மீன்கள் உடலை ஆட்டின. அமிலம் ஏற்றப்பட்டவை உதட்டைச் சரளைக் கற்களில் தேய்த்தன. நெடுநேரம் இரையைத் தொடவில்லை. மூளையில் வலியை உணர்வதற்கான புறணி மீனுக்கு இல்லை, ஆகவே இதெல்லாம் வெறும் எதிர்வினைதான் என்று 2016இல் பிரையன் கீ வாதித்தார். விவாதம் முடியவில்லை. ஆனால் முடியாத விவாதத்தில் சந்தேகத்தின் பலனை யாருக்குக் கொடுப்பது என்பது விஞ்ஞானக் கேள்வி அல்ல, தார்மீகக் கேள்வி. தூண்டில்காரன் அதைத் தனக்குக் கொடுத்துக்கொள்கிறான்.

சட்டங்கள் சில இதைத் தலைகீழாகப் பார்த்திருக்கின்றன. ஜெர்மனியின் 1972ஆம் வருஷத்து விலங்குப் பாதுகாப்புச் சட்டம், முதுகெலும்புள்ள பிராணியைத் துன்புறுத்த நியாயமான காரணம் வேண்டும் என்கிறது. உணவு நியாயமான காரணம். வெறும் கேளிக்கை அப்படி ஆகாது. ஸ்விட்சர்லாந்தில் 2008இல் வந்த விலங்குப் பாதுகாப்பு ஆணை, விட்டுவிடும் உத்தேசத்துடன் மீன் பிடிப்பதையே தடுத்தது. அந்த ஊர்களில் தின்கிறவன் சட்டத்துக்கு உட்பட்டவன், விடுகிறவன் குற்றவாளி. நம் தர்க்கம் அங்கே செல்லாது.

இதைச் சட்டத்தின் விநோதம் என்று ஒதுக்கிவிட முடியாது. விளையாட்டு என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். இரண்டு பேருக்கும் அது விளையாட்டு என்று தெரிந்தால்தான் விளையாட்டு. தூண்டிலின் ஒரு முனையில் விளையாட்டு. மறு முனையில் உயிர்ப் போராட்டம். அந்தப் போராட்டம் உண்மையாக இருப்பதால்தான் இந்த முனையில் ருசி. மீன் விளையாட்டாக இழுத்தால் இவனுக்கு அலுத்துவிடும். விரால் விஷயத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். விரால் தன் குஞ்சுகளைக் காவல் காக்கிற மீன். சிவந்த குஞ்சுக்கூட்டம் மேல்மட்டத்தில் தெரிகிற இடத்தில் பொய் இரையை வீசினால், பசியில்லாவிட்டாலும் காவலிருக்கும் விரால் பாயும். வலைக்காரனும் இதைச் செய்கிறான், சோற்றுக்காக. மற்றவன் செய்வது அந்தப் பாய்ச்சலை ரசிப்பதற்காக. வள்ளுவர் சூது அதிகாரத்தில் தூண்டில் விழுங்கிய மீனைக் காட்டும்போது நம்மை மீனின் இடத்தில் நிறுத்துகிறார். தூண்டில்காரனின் புகைப்படத்தில் அந்த இடத்தில் நிற்க யாருக்கும் வசதியில்லை.

எதிர்த்தரப்பில் பலமான வாதம் ஒன்று இருக்கிறது. காவிரிப் படுகையில் மட்டும் வாழும் மஹ்சீர் மீன் அது. 1946இல் கபினியில் வான் இன்கென் என்பவர் பிடித்த மஹ்சீர் 120 பவுண்டு, ஏறக்குறைய 54 கிலோ. பிறகு அந்த மீன் அருகியது. ஆற்றில் வெடி வைத்துப் பிடிப்பதும் நடந்தது. கர்நாடகத்துக் காவிரியில், மழைக்கு முந்தைய மாதங்களில் பரிசலேறி மஹ்சீர் பிடித்து விட்டுவிடும் முகாம்கள் நடந்த காலத்தில், ஆற்றோரத்தில் காவல் இருந்தது. 1998 முதல் 2012 வரை தூண்டில்காரர்கள் எழுதி வைத்த கணக்குதான் பின்னால் ஆய்வாளர்களுக்கு உண்மையைக் காட்டியது: வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட நீலத்துடுப்பு மஹ்சீர் பெருக, காவிரியின் சொந்த மஹ்சீர் சரிந்துகொண்டிருந்தது. 2018இல் அது அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. விளையாடியவர்கள் எழுதி வைக்காவிட்டால் அந்தச் சரிவு நமக்குத் தெரிந்திராது.

இதை மறுப்பதற்கில்லை. ஆனால் இந்த வாதம் நிரூபிப்பது என்ன? விடுதல் பயனுள்ளதாக இருக்கலாம் என்பதை. ஒரு இனத்துக்கு நல்லது நடந்தது என்பதனால் ஒரு மீனுக்குச் செய்தது கருணையாகிவிடாது. ஆபத்தை உண்டாக்கியவனே ஆபத்தை நீக்கினால், அதற்கு வேறு பெயர் தேடவேண்டும். வீட்டுக்குத் தீ வைத்து, பிறகு தண்ணீர் ஊற்றுகிறவனை நாம் வள்ளல் என்பதில்லை.

விடுதலுக்கு நம் மரபில் வேறொரு உருவம் இருக்கிறது. பெரிய புராணத்து அதிபத்தர் நாகப்பட்டினத்துப் பரதவர். ஒவ்வொரு நாள் பிடிப்பிலும் தலைசிறந்த ஒரு மீனைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டுவிடுவார். நாளுக்கு ஒரே மீன் சிக்கிய வறுமைக் காலத்திலும் அந்த ஒன்றை விட்டார். சுற்றம் பட்டினி கிடந்தது. கடைசியில் பொன்மீன் சிக்கியபோது அதையும் விட்டார். பக்தியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் ஒன்று மிஞ்சுகிறது: விட்ட மீன் அவருடைய இழப்பு. ரீல் தூண்டில்காரன் எதையும் இழக்கவில்லை. மீனிடமிருந்து வேண்டியதை எடுத்துக்கொண்ட பிறகே விடுகிறான். மீனுக்கு இரண்டும் ஒரே தண்ணீர்தான் என்று கேட்கலாம். சரி. ஆனால் நாம் மீனின் கதியைப் பற்றி மட்டும் பேசவில்லை. விட்டவன் தன்னைப் பற்றி வைத்துக்கொள்கிற மதிப்பீட்டைப் பற்றிப் பேசுகிறோம்.

பிரச்னையின் வேர் அங்கேதான். கொல்கிறவன் கீழ், கொல்லாதவன் மேல் என்ற பழைய அடுக்கில் மீன்பிடிக்கும் சாதிகள் எங்கே வைக்கப்பட்டன என்பது தெரிந்ததே. பாவத்தை ஒருவன் தலையில் வைத்து, சுத்தத்தை இன்னொருவன் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. புதிய விளையாட்டுக்காரன், தெரிந்தோ தெரியாமலோ, அதே சுத்தத்துக்கு வாரிசாகிறான். வலைக்காரனோ ஒரு கணக்குக்குள் இருக்கிறான். ஏரி மீனுக்குக் கல்வெட்டுகளில் பாசிப்பாட்டம் என்று வரி உண்டு. அந்த வருவாயை ஏரியின் பராமரிப்புக்கே செலவிட்டதும் உண்டு. இன்றைய ஏலங்களில் அது மீன்பாசிக் குத்தகை. எடுத்ததற்கு ஈடு என்ற எண்ணம், எத்தனை தேய்ந்திருந்தாலும், அந்தச் சொல்லில் இருக்கிறது.

தூண்டிலை ஒடித்துப்போடு என்று நான் சொல்லவில்லை. எனக்கு ஆசையாக இருந்தது, ஒரு பிராணியை அலைக்கழித்தேன், பிறகு விட்டேன் என்று சொல்லும் யோக்கியம் போதும். கருணை என்ற சொல்லை அதிபத்தருக்கு விட்டுவிடலாம்.

இதற்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று நினைக்கும் மூன்றாமவன் ஒருவன் இருக்கிறான்: மீனைத் தொடாதவன். ஏரி வயிற்றில் மனை போட்டு, வரத்துக் கால்வாயை அடைத்து, கழிவுநீரை உள்ளே திருப்பிவிட்டு நாம் கட்டிக்கொண்ட புறநகரில் வலை கிடையாது, தூண்டில் கிடையாது. அங்கே எத்தனை மீன் செத்தது என்று யாரும் எண்ணியதில்லை. திருப்பி விடுவதற்கும் அங்கே தண்ணீர் இல்லை.