திட்டு வாங்கிய நர்ஸ் போன் செய்யத் தயங்குவார்

நள்ளிரவு தாண்டிய நேரம். நோயாளியின் ரத்த அழுத்தம் இறங்குகிறது. டூட்டி நர்ஸ் போனை எடுத்தும் டாக்டரைக் கூப்பிடத் தயங்குகிறார். போன வாரம் கூப்பிட்டு வாங்கிய வசவு இன்னும் மனதில் ஆறவில்லை. அந்தத் தயக்கத்தின் விலையைக் கொடுப்பது கட்டிலில் கிடப்பவர்.

அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஜாயின்ட் கமிஷன், இப்படித் திட்டி மிரட்டுவது நோயாளியின் பாதுகாப்பையே குலைக்கும் என்று 2008 ஜூலையில் எச்சரித்தது. 2015-இல் வெளியான இஸ்ரேல் ஆய்வு இன்னும் உலுக்குகிறது. பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் 24 குழுக்களுக்கு ஒரு பயிற்சி; சில குழுக்களிடம் மட்டும் வெளிநாட்டு நிபுணர் ஒருவர் மட்டம் தட்டிப் பேசினார். அவ்வளவுதான். அவர்களுடைய நோயறிதலும் செய்முறையும் சரிந்தன. ஒருவரிடம் ஒருவர் உதவி கேட்பதும் குறைந்தது.

கத்தும் டாக்டரைக் கெட்டவர் என்று நான் ஒதுக்க மாட்டேன். பல நேரம் அவர் கைதேர்ந்தவர், தூக்கம் கெட்டவர், யாரும் முகத்துக்கு நேரே எடுத்துச் சொல்லாதவர். டென்னசியின் வாண்டர்பில்ட் மருத்துவ மையத்தில், பயிற்சி பெற்ற சக ஊழியர் ஒருவர் புகாருக்குள்ளான டாக்டரைத் தனியாகச் சந்தித்து நடந்ததைச் சொல்கிறார். பலர் அதிலேயே மாறிவிடுகிறார்கள். மாறாதவர்களுக்குத்தான் அடுத்த கட்டமாகத் தனிப்பயிற்சி தேவை. எது தன்னைச் சீண்டுகிறது, கோபம் உடலில் எங்கே தொடங்குகிறது, எதிரில் நிற்பவர் முகம் எப்படி வாடுகிறது என்று கவனிக்கப் பயிற்சியாளர் பழக்குவார்.

மருத்துவமனை நடத்துபவர்களே, வருமானம் ஈட்டித் தருகிறார் என்பதற்காகக் கத்தும் டாக்டரைக் கண்டும் காணாமல் விடாதீர்கள். முதல் புகாரிலேயே உட்காரவைத்துப் பேசுங்கள்.