அவிழ்த்த பிறகு

நம்பிக்கை பற்றிய விசாரங்களில் வழக்கமாக இரண்டு பேர்தான் வருகிறார்கள். நம்புகிறவன் ஒருவன், நம்பப்படுகிறவன் ஒருவன். கடனானாலும் நட்பானாலும் கட்சியானாலும் இதே கணக்குதான். நம்பிக்கை பொய்த்தால் நஷ்டம் நம்பியவனுக்கு. அதனாலேயே நம்புவதில் ஒரு கம்பீரம் இருப்பதாகவும் நாம் கருதிக்கொள்கிறோம். தன் தோலைப் பணயம் வைப்பவன் அல்லவா! ஆனால் நம்புவது நான், நம்பப்படுவது அவன், பொய்த்தால் வலிப்பது எங்கள் இருவருக்குமில்லை, மூன்றாவது ஓர் உயிருக்கு என்றால்? அப்போது நம்பிக்கை ஒரு நற்குணம்தானா? இந்தக் கேள்வியை எனக்குத் தந்தவை புத்தகங்கள் அல்ல, எங்கள் ஊர் மாடுகள்.

கோம்பையை வெளியில் நாயின் பெயரால் அறிவார்கள். மலையடிவாரத்தில், மானாவாரியும் கிணறுமாகப் பிழைத்த சம்சாரிகளிடம் நாயைவிட மாடுதான் முக்கியம். ஜோடி மாடு எல்லோருக்கும் வாய்க்காது. ஒற்றை மாடு வைத்திருக்கும் இரண்டு வீட்டார் சேர்ந்து ஓர் ஏர் கட்டுவார்கள். இன்று என் காடு, நாளை உன் காடு. டிராக்டர் வந்தபிறகு இது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் என் சிறுவயதில் எங்கள் வீட்டிலும் ஒற்றை மாடுதான். அது வாரத்தில் பாதி நாள் இன்னொரு தொழுவத்தில் இரவு தங்கிவிட்டு வரும். வந்ததும் அப்பா அதன் கண்ணைப் பார்க்கமாட்டார். கழுத்தைத் தடவிப் பார்ப்பார். அவர் சொல்வது: “பூட்டத் தெரிஞ்சவன் ஊர் பூரா இருக்கான். அவுத்துக் கட்டத் தெரிஞ்சவன்தான்டா அபூர்வம்.”

இதில் ஒரு தார்மீக உண்மை இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. பூட்டியிருக்கும்போது மாட்டைக் கவனிப்பது சுயநலம். சோர்ந்தால் உழவு நிற்கும், நொண்டினால் சால் கோணும். ஆகவே எவனும் கவனிப்பான். வேலை முடிந்து பூட்டாங்கயிற்றை அவிழ்த்த கணத்தில் மாட்டால் அவனுக்கு ஆகவேண்டியது எதுவுமில்லை. இனிமேல்தான் மாட்டுக்கு ஆகவேண்டியது தொடங்குகிறது. மூச்சு அடங்க நிழலில் நிறுத்த வேண்டும், தண்ணீர் காட்ட வேண்டும், நுகத்தடி அழுத்திய இடத்தைத் துடைத்துப் பார்க்க வேண்டும், குளம்பிடுக்கில் கல்லோ முள்ளோ இருந்தால் எடுக்க வேண்டும், கூளம் போட்டு அசைபோட அவகாசம் தர வேண்டும். அசைபோட நேரம் கிடைக்காத மாடு தின்றும் மெலியும். இவ்வளவும் சாட்சி இல்லாத இருட்டில் நடக்க வேண்டிய காரியங்கள். நடக்காவிட்டாலும் மறுநாள் காலையில் மாடு வழக்கம்போல் எழுந்து நிற்கும். கழுத்தில் புண் வெளிப்பட நாட்கள் ஆகும். அதற்குள் அது எந்த வீட்டு நாளில் உண்டானது என்று யாராலும் சொல்ல முடியாது.

வங்கிப் பரீட்சைக்காக 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தைப் படித்தபோது அதில் குதிரைகள் நடமாடுவதைப் பார்த்து ஆச்சரியப்பட்டேன். துஷ்டக் குதிரை என்று தெரிந்தும் சொல்லாமல் இரவல் கொடுத்தவன், விழுந்தவனின் காயத்துக்குப் பொறுப்பு. தான் மட்டும் சவாரி செய்வதற்காக வாங்கிய குதிரையை வீட்டிலுள்ள இன்னொருவனுக்குக் கொடுத்தவன், கவனமாக ஓட்டியும் குதிரை தற்செயலாக விழுந்தால்கூட நஷ்டஈடு தரவேண்டும். கல்கத்தாவில் காசிக்கென்று வாடகைக்கு எடுத்த குதிரையைக் கட்டாக்குக்கு ஓட்டியவனும் அப்படியே. எல்லாம் சவாரி நடக்கும்போது நேர்பவை. சேணத்தை இறக்கிய பிறகு நடப்பதற்கு 151ஆவது பிரிவின் பொது அளவுகோல்தான் உண்டு: சாதாரண விவேகமுள்ளவன் அதே மாதிரியான தன் சொந்தப் பொருளை எவ்வளவு கவனிப்பானோ அவ்வளவு.

நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் கூட்டாளியின் சொந்த மாடே காய்ந்த தட்டையைத் தின்று கிடக்கிறது என்றால்? அவன் வீட்டுப் பிள்ளைகளே பசித்திருந்தால்? ‘உன்னுடையதைப் போல் கவனி’ என்பது, தன்னுடையதைக் கவனிக்க வசதி படைத்தவனிடம் மட்டும் செல்லுபடியாகும் வாக்கியம். சட்டம் கற்பனை செய்துகொள்ளும் அந்தச் சாதாரண விவேகி கொஞ்சம் காசுள்ளவன்.

பிளேட்டோவின் ‘குடியரசு’ முதல் பகுதியில் சாக்ரடீஸ் பொலிமார்க்கஸை மடக்கும் இடம் ஒன்று உண்டு. கூட்டாகக் குதிரை வாங்க யார் உகந்தவன், நீதிமானா, குதிரை தெரிந்தவனா? குதிரை தெரிந்தவன். அப்படியானால் நீதிமான் எப்போது பயன்படுவான்? பணத்தை உபயோகிக்காமல் பத்திரமாக வைத்திருக்க வேண்டியபோது. ஆக, பொருள் உபயோகமற்றுக் கிடக்கும்போதுதான் நீதிக்கு உபயோகம்! பொலிமார்க்கஸ் விழிக்கிறான். அவன் ஒரு மாட்டை நினைத்திருந்தால் விழித்திருக்க மாட்டான். உபயோகம் முடிந்த மாடு, மூட்டைகட்டி வைத்த பணத்தைப்போல் சும்மா கிடப்பதில்லை. அது வேர்த்திருக்கிறது, தவிக்கிறது. அதைக் காப்பதற்கு நாணயமும் வேண்டும், மாடு தெரிந்திருக்கவும் வேண்டும். சாக்ரடீஸ் பிரித்து வைத்த இரண்டும் தொழுவத்தில் ஒன்றாகிவிடுகின்றன. எத்தனை நேர்மையானவனாக இருந்தாலும் மாடு தெரியாதவன் மாட்டுக்குத் துரோகியாகவே முடிவான்.

வங்கியில் இந்த வித்தியாசம் தினமும் கண்ணில் படுகிறது. நகைக் கடனில் நகை எங்கள் பெட்டகத்துக்குள் வந்துவிடுகிறது. அங்கே யாரையும் நம்பவேண்டியதில்லை, நகைக்குப் பசிக்காது. மாட்டுக் கடனில் ஈடு கடன்காரன் தொழுவத்திலேயே நிற்கிறது. 1978இல் தொடங்கி 1999இல் வேறு திட்டத்தில் கரைக்கப்பட்ட ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டத்தின்கீழ் கறவை மாடுகளுக்குக் கடன் கொடுத்த காலத்தில், காதில் வில்லை மாட்டி இன்ஷூரன்ஸ் செய்தார்கள். இன்று அந்த மஞ்சள் வில்லையில் 12 இலக்க எண் இருக்கிறது. இது அதே மாடுதான் என்று எண் சொல்லும். நேற்று ராத்திரி அது தண்ணீர் குடித்ததா என்று சொல்லாது. சரிபார்ப்பு வேறு, நம்பிக்கை வேறு. சரிபார்ப்பு எட்டாத இடத்தில்தான் நம்பிக்கையின் பிரச்னையே ஆரம்பிக்கிறது.

தெரிந்துதெளிதல் அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவர், ஆராயாமல் நம்புவது, நம்பியபின் சந்தேகப்படுவது ஆகிய இரண்டையும் தீராத துன்பம் என்கிறார். அரசன் சேவகனைத் தேர்வதைப் பற்றியது அது, துன்பம் அரசனுக்கு. என் விஷயத்தில் துன்பம் மாட்டுக்கு. நான் பெருந்தன்மையோடு ‘அவனை நம்புகிறேன்’ என்று சொல்லும்போது, அந்தப் பெருந்தன்மைக்கு விலை கொடுப்பது இன்னொன்றின் கழுத்து. பிறத்தியான் முதுகை வைத்து நான் தாராளமாக இருக்க முடியாது. அதைப்போலவே, என் சந்தேகமும் என் உடைமை பற்றிய பதைப்பாக மட்டும் இருந்தால் அதில் மாட்டுக்கு இடமில்லை. வயதான குதிரையின் நீண்ட சேவைக்கு நன்றியாக இருப்பதைக்கூட காண்ட், மனிதன் தனக்குத்தானே செய்யவேண்டிய கடமை என்றுதான் கணக்கில் வைத்தார். ஒப்பந்தச் சட்டத்தின் பார்வையிலும் மாடு, சொந்தக்காரனின் பொருள். 1960இல் வந்த பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆவது பிரிவுதான் வேறொரு கோணத்தில் பேசுகிறது: பிராணி யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர் அதன் நலனுக்குக் கடமைப்பட்டவர். சொந்தம் யாருடையது என்பது அங்கே கேள்வியே அல்ல. சட்டமொழியில் இது சிறிய மாற்றம். தார்மீகத்தில் மையமே இடம் மாறிவிடுகிறது.

இந்த இடத்தில் ஓர் அசௌகரியமான விஷயத்தையும் சொல்லவேண்டும். ஒற்றை மாட்டுக்காரர்கள் இருவரின் உறவு சமமானது. இன்று என் மாடு அவன் கையில், நாளை அவன் மாடு என் கையில். ஆனால் வாரத்துக்கு விடும் மாடு அப்படியல்ல. நிலமுள்ளவன் கன்றை வாங்கி, நிலமில்லாதவனிடம் வளர்க்கக் கொடுத்து, ஈற்றிலோ விற்ற பணத்திலோ பங்கு வாங்கிக்கொள்கிறான். அங்கே ‘அவனை நம்பலாமா?’ என்ற கேள்வி எப்போதும் மேலிருந்து கீழ்நோக்கியே கேட்கப்படுகிறது. சாதியும் அதற்குள் இருக்கிறது. மாட்டின் குரலைக் கேட்டே அதன் பசியை அறிகிறவன் சந்தேகத்துக்குரியவன். மாட்டை வருஷத்துக்கு இரண்டு தரம் பார்க்கிறவன் சொந்தக்காரன். எதிர்க் கேள்வியை யாரும் கேட்பதில்லை. மாட்டுக்குச் சீக்கு வந்தால் வைத்தியச் செலவைச் சொந்தக்காரன் தருவான் என்று வளர்ப்பவன் நம்பலாமா? முட்டுகிற மாடு என்பதை முன்கூட்டியே சொல்லிக் கொடுப்பானா? தெரிந்த குறையை முன்கூட்டியே சொல்லும் கடமையை ஒப்பந்தச் சட்டம் சொந்தக்காரன்மேல் வைத்துத்தான் இருக்கிறது. ஊர் வழக்கில் இரண்டும் வளர்ப்பவனின் தலையெழுத்தில் சேர்ந்துவிடுகின்றன.

வண்டிப் பந்தயத்திலும் இரு ஊர்க்காரர்களின் மாடுகள் ஒரே நுகத்தில் ஜோடி சேர்வதுண்டு. 2014இல் உச்ச நீதிமன்றம் விதித்த தடை, 2017இல் தமிழகம் கொண்டுவந்த திருத்தம், 2023இல் அது செல்லும் என்ற தீர்ப்பு என்று நீண்ட வாதத்தில் இரு தரப்பும் பெரும்பாலும் மாடு ஓடும் நிமிடங்களைப் பற்றியே பேசின. ஓடி முடித்த மாட்டின் சாயங்காலம் யாருடைய வழக்கிலும் அதிகம் இடம்பெறவில்லை.

ஆக, நம்பக் கூடாது என்பதா என் முடிவு? இல்லை. நம்பாமல் ஒற்றை மாட்டுக்காரன் உழ முடியாது. ஆனால் நம்பிக்கையால் என் பொறுப்பு அவன் கைக்கு மாறிவிடுகிறது என்ற எண்ணம்தான் பிழை. பொறுப்பு கைமாறுவதில்லை, ஒன்று இரண்டாகிறது. என் மாட்டுக்கு இடது கழுத்தில் சீக்கிரம் தோல் உரியும் என்பதை அவனுக்குச் சொல்ல வேண்டியவன் நான். அவன் தொழுவத்தில் கூளம் குறைவென்றால் மாட்டோடு ஒரு கட்டுத் தட்டையும் அனுப்பவேண்டியவன் நான். சாயங்காலம் அந்தப் பக்கம் போய் நிற்பது வேவு ஆகாது, அதேபோல் அவனும் என் தொழுவத்துக்குள் கேட்காமல் நுழைந்து தன் மாட்டின் குளம்பைத் தூக்கிப் பார்க்கலாம் என்றால். அந்த உரிமை ஒருவனுக்கு மட்டும் இருந்தால் அது கண்காணிப்பு. இருவருக்கும் இருந்தால் அக்கறை.

ஒரு மனிதன் நல்லவனா என்று அறிய அவன் பூட்டுவதைப் பார்த்துப் பயனில்லை. எல்லோரும் நன்றாகத்தான் பூட்டுகிறார்கள்.