நிற்கும் வண்டிகளும் நமது மனச்சாட்சியும்



வேலணையிலிருந்து யாழ்ப்பாணப் பட்டினத்துக்குச் சைக்கிளில் போய்வருவோருக்குப் பண்ணைத் தாம்போதி பழகிய பாதை. இருபுறமும் கடல், கண்ணுக்கெட்டிய தூரம்வரை மறைப்பில்லை. சோளகக் காற்று, போகும்போது முதுகில் தள்ளும். திரும்பும்போது முகத்தில் அடிக்கும். அந்தப் பாதையில் வரும் ஆபத்து எதுவாயினும் தூரத்திலேயே தெரிந்துவிடும். ஆனால் கோட்டையைத் தாண்டி, பஸ் நிலையத்தையும் ஆஸ்பத்திரி வீதியையும் அடைந்ததும் நிலைமை மாறிவிடுகிறது. அங்கே பஸ்களும் வான்களும் ஆட்டோக்களும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. அவற்றுக்குத்தான் வழியில்லை, சைக்கிளுக்கு ஓரமாக ஒரு வழி இருக்கிறது. ஆகவே நாம் நுழைந்து போகிறோம்.

இதில் ஆராய என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். மனச்சாட்சிக்குரிய ஒரு பெரிய கேள்வியே இருக்கிறது. ஒருவருடைய கவனக்குறைவால் மற்றொருவருக்குத் தீங்கு வரக்கூடுமாயின், அதைத் தடுக்கும் கடமை யாருடையது? தீங்கு செய்யக்கூடியவருடையதா, தீங்கு அடையக்கூடியவருடையதா?

முதலில் ஆபத்து எப்படி வருகிறது என்று பார்ப்போம். நிற்கும் வண்டி உயிரற்ற சுவர் அன்று. அதற்குள்ளே அடுத்த கணம் ஏதோவொன்றைச் செய்யப்போகும் மனிதர்கள் இருக்கிறார்கள். மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் சைக்கிள் ஒரு விநாடியில் ஏறக்குறைய 4 மீற்றர் ஓடிவிடும். பக்கத்து வானின் கதவு திடீரெனத் திறந்தால், பிரேக்கைப் பிடிக்க மனம் கட்டளையிடும் முன்னரே கதவு நெஞ்சில் மோதிவிடும். மாரி காலத்தில் ஈரச் சில்லில் பிரேக் பிடிப்பதும் தாமதமாகும். நமது நாட்டில் சாரதி வலப்பக்கத்தில் இருக்கிறார்; உயரமான லொறியின் இடப்பக்க மூலையில் நிற்கும் சைக்கிள் அவர் கண்ணுக்குப் படாமலே போகலாம். அந்த லொறி இடப்பக்கம் திரும்பும்போது அதன் பின்சில்லுகள் முன்சில்லுகள் போன தடத்தில் வருவதில்லை. உட்பக்கமாக ஒதுங்கி வரும். ஓரத்தில் நிற்பவர் அதற்கும் மதிலுக்கும் நடுவே அகப்பட்டுவிடுவார்.

இந்த ஆபத்து நமக்கு எப்போதும் இருந்ததன்று. 1990 முதல் 1995 வரை, எரிபொருள் தடையினால் குடாநாட்டில் சைக்கிளே பிரதான வாகனமாக இருந்தது. நோயாளியும் விறகும் நெல் மூட்டையும் அதிலேயே போயின. வீதியில் செல்வோர் பெரும்பாலும் ஒரே பலமுள்ளவர்களாக இருந்தார்கள். 2009இல் போர் முடிந்தபின் மோட்டார் வாகனங்கள் பெருகின. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் மீண்டும் வந்தது. கடவைகள் மூடப்படும்போது வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. வீதி அதே வீதிதான். அதில் செல்வோரின் பலம் மட்டும் வேறுபட்டுவிட்டது.

பலம் வேறுபடும்போது கடமையும் வேறுபட வேண்டாமா? பிரித்தானியா 2022 ஜனவரியில் தன் வீதி விதிக்கோவையைத் திருத்தியபோது இதைத் தெளிவாக ஏற்றுக்கொண்டது. அதிக தீங்கு விளைவிக்கக்கூடியவருக்கே ஆபத்தைக் குறைக்கும் பொறுப்பும் அதிகம் என்றது. நிற்கும் வண்டிகளை இருபுறத்தாலும் கடந்துசெல்லச் சைக்கிளோட்டிக்கு இடம் கொடுத்தது. ஆனால் சாரதி உன்னைக் காணாதிருக்கலாம், அவதானமாகப் போ என்றும் சேர்த்துச் சொன்னது. வத்திக்கானின் திருச்சபை அவையொன்றும் 2007 யூனில் வீதிப் பயணம் பற்றி வெளியிட்ட வழிகாட்டலில், சாரதிகளுக்கென்று பத்துக் கட்டளைகளை வகுத்து, வீதியில் பலவீனரைப் பாதுகாப்பதையும் அவற்றுள் ஒன்றாக வைத்தது.

அப்படியானால் சைக்கிளோட்டியைக் கவனமாயிரு என்று சொல்வது, அடிபட்டவரையே குற்றவாளியாக்குவது ஆகாதா? இது நியாயமான மறுப்பு. ஆனால் இங்கே இரண்டு கேள்விகளை நாம் ஒன்றாகக் குழப்புகிறோம். தவறு யாருடையது என்பது விபத்துக்குப் பின் கேட்கும் கேள்வி. தடுக்கக்கூடியவர் யார் என்பது விபத்துக்கு முன் கேட்கவேண்டிய கேள்வி. முன்னதற்கு ஒருவர் மாத்திரம் விடையாகலாம். பின்னதற்கு அங்கே இருக்கும் எல்லாரும் விடையாவர். கடமை என்பது பணத்தைப் போலப் பங்கிட்டால் குறைந்துபோவதன்று. சாரதி கவனமாக இருக்கவேண்டும் என்பதனால் எனது கவனம் அரைவாசியாகிவிடாது; நான் கவனமாக இருப்பதனால் அவருடைய கடமையும் தீர்ந்துவிடாது.

மேலும், பலவான், பலவீனன் என்பதும் நிலையான பெயர் அன்று. பஸ்ஸின் பக்கத்தில் சைக்கிளோட்டி பலவீனர். அதே பஸ்ஸின் இடப்பக்க வாசலால், கையில் பையுடன் படியைத் தடவி இறங்கும் வயோதிபத் தாயின் முன்னால் அவரே பலவான். மதிலுக்கும் பஸ்ஸுக்கும் இடையே வேகமாக வருகிறவர், தான் வானுக்கு அஞ்சுவது போலவே அந்தத் தாய் தனக்கு அஞ்சுகிறார் என்பதை நினைப்பதில்லை. பெரியவரிடம் நாம் கேட்கும் பொறுமையைச் சிறியவருக்கு நாம் கொடுக்கிறோமா?

நன்மையினாலும் இங்கே தீமை வரலாம் என்பதையும் கவனியுங்கள். நெரிசலில் நிற்கும் சாரதி ஒருவர், வீதியைக் கடக்க நிற்பவரை இரக்கத்துடன் கைகாட்டி அழைக்கிறார். அவரும் நம்பி இறங்குகிறார். ஆனால் ஓரத்தால் ஒரு சைக்கிள் வருகிறது. இருவரும் ஒருவரையொருவர் காணவில்லை. அந்தச் சாரதி தன் பங்கு வீதியை விட்டுக்கொடுத்தார். மற்றவருடைய பங்கை அவரால் கொடுக்க முடியாது. இரக்கம் நல்லது, ஆனால் சுற்றிப் பார்க்கும் கண்ணும் அதற்கு வேண்டும்.

ஆதலால் குடும்பத்தினர் வீட்டிலேயே சில பழக்கங்களைக் கற்றுக்கொள்ளலாம். வாகனத்தில் இருப்பவர் கதவைப் பக்கத்துக் கையால் திறவாமல் எதிர்க்கையால் திறந்தால், உடல் தானாகத் திரும்பும். பின்னால் வருபவர் கண்ணுக்குப் படுவார். நெதர்லாந்தில் வழங்கும் இப்பழக்கத்தைப் பிள்ளைகளுக்கும் எளிதாகப் பழக்கலாம். சைக்கிளில் செல்பவர் நிற்கும் வண்டியிலிருந்து ஒரு மீற்றராவது விலகிச் செல்லட்டும். அவ்வளவு இடமில்லையெனில் இறங்கி உருட்டிக்கொண்டு போகட்டும். லொறியின் இடப்பக்க மூலையில் ஒருபோதும் நிற்கவேண்டாம். ஆட்கள் இறங்கும் பஸ்ஸின் பின்னால் பொறுத்து நிற்கட்டும்.

இவற்றுக்குச் செலவாகும் நேரம் சில விநாடிகளே. வழி இருக்கிறது என்பதனால் மாத்திரம் அது நமது வழியாகிவிடாது. அதில் வரக்கூடிய மற்றவருக்கும் இடம்விட்டுச் செல்லும்போதே நாம் அதை நேர்மையாகப் பயன்படுத்துகிறோம்.